பாதாளக் கரண்டி யார் வீட்டில் இருக்கிறது?

கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால், முற்காலத்தில் எவரும் கடைத்தெருவுக்கு ஓடியதில்லை. “பாதாளக் கரண்டி யார் வீட்டில் இருக்கிறது?” என்பதே வீட்டில் எழும் முதற் கேள்வி. இரும்பு வளையத்தில் பல கொக்கிகள் கொத்தாகத் தொங்கும் அக்கருவியை நம் மூத்த வாசகர்கள் நன்கறிவர். அதைக் கயிற்றில் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்கி மெல்லத் துழாவினால், ஏதேனும் ஒரு கொக்கியில் வாளியின் பிடியோ குடத்தின் கழுத்தோ சிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ தேவைப்படும் அதை வீட்டுக்கு வீடு வாங்கி வைப்பார் எவருமில்லை. தெருவில் ஓரிரு வீடுகளில் இருந்தது. தெரு முழுவதும் அதைப் பயன்படுத்திக்கொண்டது.

அதை இரவல் கொடுப்பதற்குப் பல ஊர்களில் ஓர் ஒழுங்கும் இருந்தது. கரண்டியை எடுத்துச் செல்பவர் ஒரு செம்பையோ குடத்தையோ பிணையாக வைத்துவிட்டுச் செல்வார். கரண்டியைத் திருப்பித் தந்ததும் தம் பாத்திரத்தை எடுத்துக்கொள்வார். இதை ஐயத்தினால் எழுந்த வழக்கம் என்று கொள்ளலாகாது. வேலை முடிந்ததும் இரவற் பொருளை மறந்துவிடுவது மனித இயல்பு. அடுப்படியில் செம்பைக் காணாதபோது அந்த மறதி தானே தெளியும். ஒரு சொல்லும் கடிந்து பேசாமல் பொருளை வீடு திரும்பச் செய்யும் நல்ல ஏற்பாடு அது.

ஆழ்துளைக் கிணறும் மோட்டாரும் வந்தபின் பாதாளக் கரண்டி பெரும்பாலும் பரண் ஏறிவிட்டது. அதனோடு அந்த ஒழுங்கும் மறைந்தது. ஆனால், எப்போதோ ஒருமுறை மட்டும் தேவைப்படும் கருவியை என்ன செய்வது என்னும் கேள்வி மறையவில்லை, முன்னினும் பெருகியிருக்கிறது. இத்திங்கள் நாம் சிந்திக்க எடுத்துக்கொண்ட பொருள் அதுவே.

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ வாழும் ஒரு நடுத்தரக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள், சிறிது நிலமிருந்தால் கிணற்றில் ஒரு மோட்டார், வீட்டினுள் கிரைண்டர், தையல் இயந்திரம். இவற்றுள் எது பழுதுபட்டாலும் தனக்கென ஒரு தனிக் கருவியைக் கேட்கிறது. மோட்டார் சைக்கிளின் மேக்னெட்டு, கிராங்க் தண்டின் சரிந்த முனையில் இறுகப் பற்றியிருக்கும். அதைக் கழற்ற, அதன் மரைக்குப் பொருந்தும் புல்லர் வேண்டும். அந்த மரையும் வண்டிக்கு வண்டி வேறுபடும். கிணற்று மோட்டாரில் பேரிங் கூச்சலிடத் தொடங்கினால், அதை அச்சிலிருந்து இழுக்க இரண்டு கால் அல்லது மூன்று கால் புல்லர் வேண்டும். இரும்புத் தகட்டின் துளையில் மரை தேய்ந்துபோனால், அதைப் புதிதாக வெட்ட டாப் வேண்டும்.

கருவி இல்லாதபோது கை தேடுவது சுத்தியலை. இழப்பு தொடங்குவதும் அங்கேதான். மேக்னெட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்ற முயன்றால், தண்டின் முனை நசுங்கி மரை கெடும். காந்தம் விரிசல் காணும். உளி வைத்துப் பேரிங்கைத் தட்டினால், அச்சில் விழும் தழும்பு அடுத்த பேரிங்கையும் சரியாக அமர விடாது. கூலியை மிச்சப்படுத்த எண்ணித் தொடங்கிய வேலை, உதிரிப் பாகத்தின் விலையையும் விழுங்கிவிட்டு நிற்கும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் இங்கே கூடம் உண்மையிலேயே கோணல்தான். சரியான கருவியின்றிச் சில வேலைகளைத் தேர்ந்த கையாலும் செய்ய இயலாது.

அப்படியானால் கருவியை வாங்கிவிடலாமே என்பீர்கள். முன்பெல்லாம் இத்தகைய கருவிக்காகச் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக்கோ புதுப்பேட்டைக்கோ போய்வர வேண்டியிருந்தது. திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 125 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 160. ஒரு நாள் கூலி இழப்பும் பயணச் செலவுமே ஆசைக்குக் கடிவாளம் இட்டன. இன்று கைப்பேசியைத் தொட்டால் கருவி வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. கடிவாளம் அவிழ்ந்துவிட்டது. ஒருமுறை பயன்பட்டுத் துருவேறிய கருவிகள் பல வீடுகளின் பரண்களில் உறங்குகின்றன.

வேறு காரியங்களில் நம் மக்கள் இந்தத் தவற்றைச் செய்வதில்லை. திருமணத்துக்கென அண்டாவும் குண்டாவும் விலைக்கு வாங்குவோர் உண்டோ? பாத்திர வாடகைக் கடைக்கே போகிறோம். பந்தற்காலும் நாற்காலியும் அவ்வாறே. வேளாண்மையிலும் இந்த அறிவு உண்டு. திண்டிவனம் வட்டாரம் நிலக்கடலைக்குப் பெயர் பெற்றது. டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 முதலிய நிலக்கடலை வகைகளின் பெயரிலுள்ள அவ்வெழுத்துகள், அவை உருவான திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தையே குறிக்கின்றன. விதைக்கடலையை உடைக்கும் பொறி விதைப்புக்கு முந்திய சில நாட்களுக்கே தேவை. மற்ற நாளெல்லாம் அது மூலையில் நிற்கும். ஓர் ஏக்கர் வைத்திருப்பவர் அதை விலைக்கு வாங்குவதில்லை; கையால் உடைக்கிறார், அல்லது வாடகைக்கு எடுக்கிறார். உழவு, அறுவடை இயந்திரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுவதும், பல கூட்டுறவுச் சங்கங்கள் அவ்வாறே செய்வதும் நாம் அறிந்தவை. பெரிய பொருளில் இவ்வளவு தெளிவாக எண்ணும் நாம், சிறிய கருவியில் மட்டும் ஏன் தடுமாறுகிறோம்? விலை சிறிதாகத் தோன்றுவதே காரணம்.

எனவே கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். ஒரு புல்லரின் விலை 1,200 ரூபாய் என்றும், அதே வேலைக்குப் பட்டறைக் கூலி 400 ரூபாய் என்றும் ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். மூன்று முறை பயன்பட்டால் விலை திரும்பிவிடும் என்று மனம் சொல்லும். கணக்குச் சரிதான். ஆனால் அந்த மூன்று முறை எத்தனை ஆண்டுகளில் வரும்? நன்றாகப் பொருத்தப்பட்ட பேரிங் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மூன்றாம் முறை வரும்போது மோட்டாரே மாறியிருக்கலாம். மரக்காணத்துக் கடற்காற்று எட்டும் ஊரானால் புல்லரின் திருகில் துருவும் ஏறியிருக்கும். மேலும், எந்தக் கருவியாயினும் அதனால் செய்யும் முதல் வேலை கற்றுக்குட்டியின் வேலையே. வாழ்நாளில் ஒரே ஒருமுறை செய்யும் வேலையில், அந்த முதல் முறையே கடைசி முறையுமாகிறது. கருவிக்கு விலை கொடுத்துவிட்டோம். கைப்பழக்கத்தை எந்தக் கடையில் வாங்குவது?

இதனால் கருவியே வாங்கலாகாது என்று நாம் சொல்லவில்லை. வாங்குமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறோம்.

முதலாவது: இந்த வேலை மீண்டும் எப்போது வரும்? ஆண்டுதோறும் வருமாயின் வாங்கலாம். இனி வருமோ வராதோ என்றிருந்தால் வேறு வழி தேடலாம்.

இரண்டாவது: இக்கருவி இந்த ஒரு பொருளுக்கு மட்டுமே பொருந்துமா, பிறவற்றுக்கும் உதவுமா? கால்களைத் திருப்பி மாட்டக்கூடிய நடுத்தர மூன்று கால் புல்லர் பேரிங்கையும் இழுக்கும், கப்பியையும் இழுக்கும். ஒரே வண்டியின் மேக்னெட்டுக்கு மட்டும் பொருந்தும் புல்லர், அந்த வண்டியை விற்கும் நாளில் வெறும் இரும்பு.

மூன்றாவது: தேவை ஒன்றா, பெட்டி முழுவதுமா? கடைக்காரர் முப்பது உருப்படி அடங்கிய டாப் பெட்டியைக் காட்டுவார். பளபளப்பில் மனம் மயங்கும். நமக்கு வேண்டியது 10 மி.மீ. மரை ஒன்று என்றால், அந்த அளவு டாப்பும், 1.5 மி.மீ. இடைவெளி கொண்ட அந்த மரைக்குரிய 8.5 மி.மீ. துளைக்கம்பியும் போதும். நல்ல எஃகில் ஒன்று வாங்குவது, மட்ட எஃகில் முப்பது வாங்குவதினும் மேல். மட்டமான டாப் துளைக்குள்ளேயே முறிந்துவிட்டால், அதை வெளியே எடுப்பது முதல் வேலையைவிடப் பெருவேலை.

நான்காவது கேள்வியே தலையாயது: கருவியோ கையோ தவறினால் இழப்பு எது? ஒரு திருகாணி மட்டும் கெடும் என்றால் துணிந்து முயலலாம். மனித உயிருக்கு ஊறு நேரும் என்றால், அவ்வேலையைக் கருவியோடு அன்று, கருவியைக் கையாளத் தெரிந்தவரோடு சேர்த்தே தேட வேண்டும்.

இந்த நான்காம் கேள்வி வெறும் எச்சரிக்கை அன்று. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததை நம் மாவட்டத்தார் மறந்திருக்க முடியாது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளம் வடிந்தபின் வீடுதோறும் எழும் கேள்வி ஒன்றே: நீரில் மூழ்கிய மோட்டாரை இனி எப்போது ஓட்டலாம்? வெளிப்புறம் காய்ந்துவிட்டால் போதும் என்று எண்ணிச் சுவிட்சைப் போடுவதே பேராபத்து. சுருளின் இடுக்குகளில் ஈரம் தங்கியிருக்கும். மின்சாரம் பாய்ந்ததும் காயில் எரிந்துபோகலாம். அதனினும் கொடிதாக, மோட்டாரின் உடலில் மின்சாரம் ஏறித் தொட்டவரைச் சாய்க்கலாம். கிணற்று மோட்டார்களுக்கு வரும் மும்முனை மின்சாரம் 400 வோல்ட்டுக்கும் மேற்பட்டது.

ஈரம் போய்விட்டதா என்பதைக் கண்ணால் காண முடியாது. அதைக் கூறும் கருவி மெக்கர். 500 வோல்ட் மெக்கரைச் சுருளுக்கும் உடலுக்கும் இடையே வைத்துப் பார்க்கையில், ஒரு மெக்ஓம்முக்குக் குறைவாகக் காட்டினால் அந்த மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கலாகாது என்பது தொழிலறிந்தோர் கைக்கொள்ளும் பொது விதி. மோட்டாரைக் கழற்றி, மிதமான சூட்டில் உலர்த்தி, மீண்டும் அளந்து, அதன்பின்னரே ஓட்ட வேண்டும். ஒரு குடும்பம் வாழ்நாளில் ஓரிரு முறை மட்டுமே நாடும் கருவி இது. இதை வீட்டில் வாங்கி வைப்பதால் பயனில்லை. அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ளும் அறிவும் உடன் வேண்டுமன்றோ? காயில் கட்டும் கடையில் மெக்கர் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவரும் அங்கே இருக்கிறார். அவருக்குக் கொடுக்கும் கூலியை வீண் செலவென்று எண்ணாதீர்கள். ஆழ்துளைக் கிணற்றிலிருந்து மோட்டாரை மேலே தூக்கும் முக்காலியும் செயின் பிளாக்கும் இவ்வகையைச் சேர்ந்தவையே. சங்கிலி அறுந்தால் கீழே நிற்பவரின் கதி என்ன?

ஆகவே, ‘இதை வாங்கலாமா?’ என்று கேட்பதைவிட, ‘இக்கருவி எங்கே இருந்தால் நல்லது?’ என்று கேட்பதே பொருத்தம். என் வீட்டிலா, தெருவிலா, பட்டறையிலா? இக்கேள்வி நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மட்டும் உரியதன்று. நாடே ஒரு காலத்தில் இதைக் கேட்டு விடை தேடியது. அந்த வரலாறு நம் ஊர்த் தெருக்குழாயோடு தொடர்புடையது.

1970-களில் நம் சிற்றூர்களில் கைப்பம்புகள் பல நிறுவப்பட்டன. ஒரு குடும்பம் பயன்படுத்துவதற்கென வடிவமைத்த வார்ப்பிரும்புப் பம்புகளை ஊரே நாளெல்லாம் அடித்தது. அவற்றுட் பெரும்பாலானவை விரைவில் பழுதுபட்டு நின்றன. இதற்கு மாற்றாக உருவானதே ‘இந்தியா மார்க் 2’ கைப்பம்பு. யூனிசெஃப் நிறுவனமும், சென்னையிலிருந்த இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி மையமும், ரிச்சர்ட்சன் அண்டு குருடாஸ் தொழிற்சாலையும் அதில் ஈடுபட்டன. 1976, 1977 ஆண்டுகளில் கோயம்புத்தூர்ப் பகுதியில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். உறுதியான பம்பு, இந்தியா முழுவதும், பின்னர் பிற நாடுகளிலும் பரவியது.

ஆயினும் அதில் ஒரு தொல்லை இருந்தது. ஆழத்திலுள்ள உருளையில் ஒரு வாஷர் தேய்ந்தாலும், அதை மாற்றக் குழாய் முழுவதையும் வெளியே உருவ வேண்டும். முப்பது மீட்டர் ஆழமென்றால், மூன்று மீட்டர் நீளக் குழாய்கள் பத்து. அவற்றுள் செல்லும் கம்பிகள் பத்து. குழாய் நழுவி விழாமல் பற்றும் கவ்விகள், தூக்கும் ஸ்பேனர்கள், சங்கிலியை இணைக்கும் கருவி என்று அந்தப் பம்புக்கே உரிய தனிக்கருவிகள் வேண்டும். வலுவான ஆட்கள் சிலரும் வேண்டும். இக்கருவிகளை எங்கே வைப்பது? ஊருக்கு ஒரு தொகுதி வாங்கினால் ஆண்டு முழுவதும் சும்மா கிடக்கும். அதனால் தமிழ்நாட்டில் மூன்றடுக்கு முறை ஒன்று உருவாயிற்று. ஊரில் ஒரு பொறுப்பாளர். அவர் கையில் திருகாணிகளை முடுக்க ஓரிரு ஸ்பேனர்கள். ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக். மாவட்டத்தில் வண்டியோடும் தனிக்கருவிகளோடும் ஒரு நடமாடும் குழு. பம்பு நின்றால் மேலே செய்தி போகும், குழு வரும்.

ஏட்டில் ஒழுங்காக இருந்த இம்முறையில், நடைமுறையில் காத்திருப்பு நீண்டது. ஒரு சிறு வாஷருக்காக ஊரார் நாட்கணக்கில் தொலைவிலுள்ள கிணற்றுக்கு நடக்க நேர்ந்தது. அந்தச் சுமையைச் சுமந்தோர் பெரும்பாலும் பெண்களே. கருவி வெகு தொலைவில் இருந்தால், அதற்குரிய விலையை இல்லாதவர் காலால் நடந்து செலுத்துகிறார் என்பதை நாம் இங்கே காண்கிறோம்.

அடுத்த முயற்சியும் கோயம்புத்தூரிலேயே நடந்தது. 1983 முதல் சில ஆண்டுகள் அங்கே பம்புகளைக் களத்தில் வைத்துச் சோதித்ததன் பயனாக ‘இந்தியா மார்க் 3’ பிறந்தது. அதில் குழாயை அகலமாக்கினார்கள். அதனால் குழாயை அசைக்காமலே, கம்பியோடு பிஸ்டனை மட்டும் அதன் வழியே மேலே உருவிவிடலாம். தோல் வாஷருக்கு மாற்றாக நீடித்துழைக்கும் நைட்ரைல் ரப்பர் வாஷர் வந்தது. அடிக்கடி வரும் பழுதுகளைச் சில எளிய கருவிகளோடு அருகிலிருப்பவரே நீக்க முடிந்தது. அகலக் குழாயின் விலையும் எடையும் கூடுதல் என்பது அதன் குறை. எனினும் அதன் பாடம் தெளிவானது. அடிக்கடி வரும் எளிய வேலைக்குரிய கருவி ஊரிலேயே இருக்க வேண்டும். அரிதாக வரும் கடினமான வேலைக்குரியது, அதைப் பழகிய கைகளோடு சேர்ந்து இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலைப் பட்டறை தொடங்கும் இளைஞர்களும் கைக்கொள்ளலாம். தொழிற்பயிற்சி நிலையத்தில் பயின்று, திண்டிவனம் சாலையோரத்தில் இருசக்கர வாகனப் பட்டறை வைக்கும் இளைஞருக்கு நேரும் சோதனை கடுமையானது. 2020 ஏப்ரல் முதல் நாளிலிருந்து பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளில் கார்புரேட்டரின் இடத்தைப் பெரும்பாலும் எரிபொருள் ஊசல் முறை பிடித்துக்கொண்டது. ஒரு திருப்புளியைக் கொண்டு காதால் கேட்டுச் சரிசெய்த வேலைக்கு இன்று ஸ்கேனர் வேண்டியிருக்கிறது. அதை மாட்டும் முனையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடுவதுண்டு. வாசலில் ஒரு வண்டி வந்து நின்றதும், அதற்காகக் கடன் வாங்கி ஒரு கருவி வாங்கத் தோன்றும். ‘இல்லை’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்?

அவ்விளைஞருக்கு நாம் கூறுவது இது. ஒரு வண்டிக்காகக் கடன் வாங்காதீர்கள். அத்தகைய வண்டி மாதத்தில் எத்தனை வருகிறது என்று மூன்று மாதம் ஒரு குறிப்பேட்டில் எழுதி வாருங்கள். அதுவரை அக்கருவி உள்ள பட்டறைக்கு அந்த வேலையை அனுப்பி, உங்களிடம் உள்ள கருவிக்குரிய வேலையை அவரிடமிருந்து பெற்றுக்கொள்ளுங்கள். நான்கு பட்டறைகள் சேர்ந்து, ஒருவர் ஸ்கேனரும், ஒருவர் டார்க் ரெஞ்சும், ஒருவர் பிரஸ்ஸும் என்று பிரித்து வாங்கினால், ஒவ்வொருவரின் கடனும் குறையும். நால்வரின் வாசலிலும் வேலை நிற்காது. குறிப்பேட்டில் எண்ணிக்கை உயர்ந்தபின் சொந்தமாக வாங்கினால், கருவி தன் கடனைத் தானே அடைத்துவிடும்.

குடும்பங்களும் இவ்வாறு கூடலாகாதா? மேலை நாடுகளில் கருவிகளை நூல்களைப் போல இரவல் தரும் நூலகங்கள் உண்டு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தின் குரோஸ் பாயிண்ட் நூலகம் 1940-களிலேயே இதைத் தொடங்கிற்று. கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகர நூலகம் 1979 முதல் கருவிகளை இரவல் தருகிறது. பாதாளக் கரண்டியைத் தெருவே பகிர்ந்துகொண்ட நமக்கு இதில் வியப்பில்லை. பெரிய தொழிற்கூடங்களின் கருவி அறையிலும், தொழிலாளர் தம் எண் பொறித்த பித்தளை வில்லையை ஆணியில் மாட்டிவிட்டே கருவியை எடுத்துச் செல்வார்கள். செம்பைப் பிணை வைத்த நம் பாட்டிமாரின் முறையும் அதுவே.

தெருவுக்கோ, அன்பியத்துக்கோ, இளைஞர் மன்றத்துக்கோ ஒரு கருவிப் பெட்டி வைக்க விரும்புவோர் சில விதிகளை முதலிலேயே வகுத்துக்கொள்வது நலம். பெட்டிக்கு ஒருவரே பொறுப்பாளராக இருக்கட்டும். எல்லாருக்கும் பொதுவானது எவருக்கும் பொறுப்பில்லாதது ஆகிவிடும். எடுத்த நாளும் திருப்பும் நாளும் குறிப்பேட்டில் ஏறட்டும். பிணை கட்டாயமாகட்டும், உறவினருக்கும் விலக்கு வேண்டாம். திரும்பி வரும் கருவியைத் துடைத்து, எண்ணெய் பூசி, பொறுப்பாளர் கண்முன் வைக்கட்டும். தேய்மானத்துக்கென ஒவ்வொரு முறையும் ஒரு சிறு தொகை பெறப்பட்டால், முறிந்ததை மாற்றப் பிறகு வசூலுக்கு அலைய வேண்டியதில்லை. பாரம் தூக்குபவை, மின்சாரம் அளப்பவை ஆகியன அப்பெட்டியில் வேண்டாம். அவற்றுக்குத் தொழிலறிந்தவரையே நாடுவோம். வெள்ளம் போன்ற காலத்தில் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் ஒரே கருவி தேவைப்படும் என்பதையும் மறவாதீர்கள். குடிநீர் மோட்டாருக்கு முதலிடம், நோயாளிகளும் முதியோரும் உள்ள வீட்டுக்கு அதிலும் முதலிடம் என்று வரிசையை அமைதிக் காலத்திலேயே எழுதி வைத்துவிட்டால், நெருக்கடியில் மனக்கசப்பு எழாது.

இரவல் வாங்குவோருக்கும் கடமை உண்டு. அரசர்களின் வரலாற்றைக் கூறும் திருநூற் பகுதியில், எலிசேயு இறைவாக்கினர் காலத்தில் யோர்தான் கரையில் மரம் வெட்டியவனின் கோடரித் தலை கழன்று நீரில் விழுந்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். அவன் தன் வேலை நின்றுபோயிற்றே என்று அலறவில்லை. அது இரவற் பொருளாயிற்றே என்றுதான் கலங்கினான். அந்தக் கலக்கம் உள்ளவர் கையில் எந்தக் கருவியையும் நம்பிக் கொடுக்கலாம். அஃதில்லாதவர் வந்து கேட்கும்போதுதான் கொடுப்பவர் ‘இல்லை’ என்று பொய் சொல்ல நேர்கிறது. தெருவில் கருவிகள் குறைந்ததற்கு விலை மட்டுமா காரணம்? திரும்பி வராத ஸ்பேனர்களும் அல்லவா?

இறுதியாக, வாசகர்கள் இன்றே செய்யத்தக்கது ஒன்று உண்டு. பரணிலும் கட்டிலடியிலும் கிடக்கும் கருவிகளை வெளியே எடுத்து, ஒரு தாளில் பட்டியல் எழுதுங்கள். பேரிங்கின் மேல் பொறித்த எண்ணைக்கூடக் குறித்து வைக்கலாம். 6205 என்றிருந்தால், இறுதி இரண்டு எண்களை ஐந்தால் பெருக்க, அச்சின் விட்டம் 25 மி.மீ. என்று தெரியும், எந்த அளவுப் புல்லர் வேண்டும் என்பது கடைக்குப் போகுமுன்னரே விளங்கும். பின்னர் அண்டை வீட்டாரிடமும் அப்படியொரு பட்டியல் கேளுங்கள். நீங்கள் வாங்க எண்ணியிருந்த கருவி மூன்றாம் வீட்டில் உறங்குவதையும், அவர்கள் தேடிக்கொண்டிருந்தது உங்கள் பரணில் கிடப்பதையும் காண்பீர்கள். துருவைத் துடைத்து எண்ணெய் பூசுங்கள். யார் கேட்டாலும் பிணை வாங்கிக்கொண்டு முகமலர்ச்சியோடு கொடுங்கள். கருவிகள் உழைப்பதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றைப் பரணில் உறங்க விடலாமா?